வாரத்துக்கு ஒரு ஹார்ட் டிஸ்க்

மொத்தமாகக் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போகிறவர்களைத்தான் எங்கள் பட்டறை பார்த்திருக்கிறது. ஆபீஸ் மூடுகிறவர்கள், புதுக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள், பல் டாக்டர், வக்கீல் எல்லோரும் பழைய ஹார்ட் டிஸ்க்குகளை அட்டைப்பெட்டியில் அள்ளிப் போட்டுக்கொண்டு வருவார்கள். உடைத்துக் கொடுங்கள் என்பார்கள். உடைக்கிறோமா என்று நின்று பார்ப்பார்கள். போய்விடுவார்கள். வாரத்துக்கு ஒன்று என்று கைப்பையில் வைத்துக்கொண்டு வந்த ஒரே ஆள் அவள்தான். அதனால் அவளுக்கு நான் வைத்த பெயர் 'ஒத்த டிஸ்க்கு'.

அவளுக்கென்று ஒரு பெயர் இருக்கத்தான் செய்கிறது. எங்கள் வீட்டுக்காரர் அதை வாய் நிறையச் சொல்வார். என் வாயில் அது வராது.

பட்டறை என்று நான் சொன்னால் அவருக்குச் சுருக்கென்று கோபம் வரும். 'தகவல் அழிப்பு மையம்' என்று போர்டு எழுதி மாட்டியிருக்கிறார். ஷட்டர் போட்ட ஒரு நீள அறை, அவ்வளவுதான். முன்னால் ஒரு மேஜை, அதில் ஒரு கம்ப்யூட்டர். பின்னால் டிஸ்க்கை நசுக்குகிற பிரஸ் மெஷின், அதற்கும் பின்னால் டீ போட ஒரு சின்ன அடுப்படி. ஓரமாக ஒரு காந்தப் பெட்டி. அதற்குள் போட்டு எடுத்தால் டிஸ்க்கில் எழுதியிருந்ததெல்லாம் போய்விடும். இப்போது வருகிற சிப் வகை டிஸ்க்குக்குக் காந்தமெல்லாம் ஒன்றும் செய்யாது, அதைச் சிப்போடு சேர்த்துத் தூள் பண்ண வேண்டும். இது தெரியாமல் வீட்டில் காந்தத்தை வைத்துத் தேய்த்துவிட்டுக் குப்பையில் போட்டவர்கள் உண்டு.

"நான்தான் எல்லாத்தையும் டெலீட் பண்ணிட்டேனே, அப்புறம் எதுக்கு உடைக்கணும்?" என்று கேட்காத ஆள் கிடையாது. வாசலில் பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டால் வீடு காலியாகிவிடுமா என்று திருப்பிக் கேட்பேன். உள்ளே ஆட்கள் அப்படியேதான் இருப்பார்கள். தேடத் தெரிந்தவன் கதவைத் தட்டினால் எழுந்து வருவார்கள்.

எங்கள் வேலையில் சில விஷயங்களில் விட்டுக்கொடுப்பதே இல்லை. வருகிற எந்த டிஸ்க்கையும் கம்ப்யூட்டரில் சொருகிப் பார்க்கக் கூடாது. டிஸ்க்குக்குச் சொந்தக்காரர் சொன்னால்தான் உடைக்கலாம். உடைப்பதற்கு முன்னால் மெஷின் பக்கத்தில் இருப்பவர் டிஸ்க்கின் மேல் இருக்கிற நம்பரைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். மேஜையில் இருப்பவர், டிஸ்க்கை வாங்கும்போது கம்ப்யூட்டரில் பதிந்ததைத் திரையில் பார்த்து அதையே திருப்பிச் சொல்ல வேண்டும். இரண்டு வாயும் ஒத்துப்போனால்தான் மெஷின் இறங்கும். தவறான டிஸ்க்கை உடைத்துவிட்டால் ஒட்டவைக்க முடியாதே.

எங்கள் கல்யாண வாழ்க்கையில் பாதி இந்த நம்பர்களில்தான் போயிருக்கிறது. காலையில் சண்டை போட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தால்கூட நம்பர் சொல்லித்தான் ஆக வேண்டும். "ஏழு, நாலு, ரெண்டு, ஒம்பது" என்று அவர் விறைப்பாக ஆரம்பிப்பார். நானும் விறைப்பாகத் திருப்பிச் சொல்வேன். நாலைந்து டிஸ்க் போவதற்குள் அவர் குரல் குழைந்துவிடும், எனக்குச் சிரிப்பு வந்துவிடும். அதற்கப்புறம் சண்டையை எங்கே விட்டோம் என்றே தெரியாது.

அந்த இடத்தில்தான் வந்து உட்கார்ந்தாள் ஒத்த டிஸ்க்கு.

முதல் புதன்கிழமை வந்தபோதே, "நம்பர நான் சரி பாக்கலாமா சார்?" என்று கேட்டாள். சொந்தக்காரர் கேட்டால் மறுக்க முடியாது. அது அவர்கள் உரிமை. ஆனால் இத்தனை வருஷத்தில் யாரும் கேட்டதில்லை. இவர் என்ன செய்தார் தெரியுமா? என் நாற்காலியைத் துடைத்து அவளுக்குப் போட்டார். எனக்கு, "நீ போய் ஒரு டீ போடேன்" என்றார்.

டீ போட்டேன். அவர் நம்பர் சொல்வதும் அவள் திருப்பிச் சொல்வதும் அடுப்படி வரைக்கும் கேட்டது. அவள் நம்பரை இழுத்து இழுத்துப் பாடுவதுபோலச் சொன்னாள். ஒரு 'ஒம்பது'க்கு இவர் சிரித்தார். ஒம்பதில் சிரிக்க என்ன இருக்கிறது? பால் பொங்கி வழிந்தது. நான் துடைக்கவில்லை.

ஒரு டிஸ்க் உடைய ஒரு நிமிஷம்கூட ஆகாது. அவள் போக ஒரு மணி நேரம் ஆனது. அடுத்த புதன் மறுபடி வந்தாள். அதற்கடுத்த புதனும் வந்தாள். ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு டிஸ்க். மூன்றாவது வாரம் இவர் ஒரு பழைய டிஸ்க்கின் மூடியைத் திறந்து உள்ளே இருக்கிற தட்டை அவளுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். கண்ணாடி மாதிரிப் பளபளக்கும் அது. "குனிஞ்சு பாருங்க, உங்க முகமே தெரியும்" என்றார். எனக்கு உச்சந்தலையில் ஏறியது. கல்யாணமான புதிதில் எனக்குக் காட்டிய வித்தை அது. அன்றைக்கு அந்தத் தட்டில் என் முகத்துக்குப் பக்கத்தில் தன் முகத்தையும் கொண்டுவந்து வைத்தார். இப்போது வைக்கவில்லைதான். எட்டி நின்று சிரித்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் சட்டையைப் பார்க்க வேண்டுமே. எண்ணெயும் இரும்புத்தூளும் படிகிற வேலைக்கு இஸ்திரி போட்ட சட்டை.

தங்கச்சிக்குப் போன் போட்டுப் புலம்பினேன்.

"மாமாவையா?" என்றாள் அவள். "அக்கா, அந்த வழுக்கையையா?"

"உனக்கு வழுக்கை. பாக்கறவங்களுக்கு வேற மாதிரித் தெரியலாம்ல."

"நீ பாக்கறதுதான்க்கா வேற மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டு அவள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். நான் போனை வைத்துவிட்டேன். கூடப் பிறந்ததுகூட நமக்காக ஒரு சொட்டுக் கவலைப்படவில்லை என்றால் மனுஷிக்கு எப்படி இருக்கும்?

அன்று சாயங்காலம் அவரிடமே கேட்டேன்.

"ஏங்க, அந்தம்மா எல்லாத்தையும் ஒரே தடவையா கொண்டுவந்தா என்னவாம்?"

"அது அவங்க வசதி."

"அவங்க வசதியெல்லாம் உங்களுக்கு அத்துப்படி போலருக்கு."

"வீட்டுல ஒவ்வொண்ணா கழட்டி எடுத்துட்டு வர்றாங்களாம்."

"நாலு ஸ்க்ரூ. அத கழட்ட ஒரு வாரமா?"

அவர் கையைத் துடைத்துக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஒரு குஷி. "உனக்குப் பொறாமை" என்றார்.

"ஆமா, பொறாமைதான். அதுக்கென்ன இப்ப?"

இதை நான் மறைக்கிற ஆள் இல்லை. வயிறு எரிகிறது என்றால் எரிகிறது என்று சொல்லிவிடுவேன். அவருக்கோ உச்சி குளிர்ந்துபோய்விட்டது. இந்த வயசில் தன்னை வைத்து ஒருத்திக்கு வயிறு எரிகிறதே என்ற பெருமை. இரண்டு நாளைக்குச் சீட்டியடித்துக்கொண்டே ஸ்க்ரூ கழற்றினார். அது என்னை இன்னும் எரித்தது.

ஒரு முடிவு கட்ட வேண்டும் என்று நினைத்தேன். ஊரின் அந்தக் கோடியில் இருக்கிற ஒரு அச்சகத்தில் பழைய கம்ப்யூட்டர்களைக் கழிக்கிறார்கள், என்றைக்கு வருவீர்கள் என்று கேட்டுப் போன் வந்தது. "புதன்கிழமை" என்றேன். யோசிக்கவே இல்லை, அதுவாக வாயில் வந்தது.

"புதனா? வேற நாள் சொல்லியிருக்கலாமே" என்று முனகினார்.

"ஏன், புதன்கிழமை வண்டி ஓடாதா?"

புதன்கிழமை காலையில் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். பழைய சட்டையைத்தான் போட்டுக்கொண்டு போனார், அதையும் கவனித்தேன்.

என் திட்டம் சுலபமானது. அவள் வருவாள். சார் இல்லை. நான்தான் நம்பர் சொல்வேன், நான்தான் மெஷினை இறக்குவேன். வீட்டில் மீதி எத்தனை இருக்கிறது, எல்லாவற்றையும் இன்றைக்கே கொண்டுவாருங்கள் என்று சொல்லி மொத்தமாக நொறுக்கித் தள்ளிவிட வேண்டும். உடைக்க ஒன்றும் இல்லாதவளுக்கு உடைக்கிற இடத்தில் என்ன வேலை? புதன்கிழமை எனக்குத் திரும்பக் கிடைத்துவிடும்.

வந்தாள். உள்ளே எட்டிப் பார்த்தாள். "சார் இல்லையா?"

"சார் இல்ல. நான் இருக்கேன்."

அவள் முகம் வாடியது. வாடியதை நான் ரசித்தேன், பொய் சொல்வானேன். அவள் கொடுத்த டிஸ்க்கை வாங்கி நம்பர் சொன்னேன். திருப்பிச் சொன்னாள். இன்றைக்குப் பாட்டெல்லாம் இல்லை, வறட்டுக் குரல்தான். மெஷினை இறக்கினேன். டிஸ்க் நடுவில் மடங்கி, உள்ளே தட்டு நொறுங்குகிற சத்தம் வந்தது.

"அவ்ளோதான்" என்றேன். "வீட்டுல இன்னும் எத்தனை இருக்கு?"

"இது... இதுதான் கடைசி."

கடைசி! எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல இருந்தது. ஆனால் அவள் எழுந்திருக்கவில்லை. மடியில் இருந்த கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு வாரமும் அவள் பையை அப்படித்தான் பிடித்திருப்பாள். அவள் சிரிப்பையே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அது உறைக்கவில்லை.

"பையில ஏதாவது இருக்கா? இருந்தா குடுங்க. இன்னைக்கே முடிச்சிடலாம்."

பையின் ஜிப்பைத் தடவினாள். பிறகு பையைத் திறந்து எதையோ எடுத்து மேஜையில் வைத்தாள். சின்னத் துண்டில் சுற்றியிருந்தது. துண்டைப் பிரித்தால் ஒரு ஹார்ட் டிஸ்க்.

இத்தனை வருஷத்தில் டிஸ்க்கைச் சாக்கில் போட்டுக்கொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், கீழே போட்டு மிதித்துவிட்டுக் கொண்டுவந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். உடைக்கப் போகிற டிஸ்க்கை யாரும் அடிபடாமல் துண்டில் சுற்றிக்கொண்டு வந்ததில்லை. நான் அவளை நிமிர்ந்து பார்த்தேன். அவள் அந்த டிஸ்க்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையை எனக்கு நன்றாகத் தெரியும். புதன்கிழமை தோறும் அடுப்படி வாசலில் நின்று நான் அவளைப் பார்த்த பார்வை அது.

"இது உங்களோடதுதானே?" என்று கேட்டேன். எல்லோரிடமும் கேட்பதுதான். எல்லோரும் ஆமாம் என்பார்கள்.

"எங்க வீட்டுதுதான்."

"வீட்டுதா, உங்களோடதா?"

"எங்க வீட்டுக்காரரோடது."

"உடைக்கறது அவருக்குத் தெரியுமா?"

அவள் துண்டை மடித்தாள், பிரித்தாள். பிறகு சொல்லிவிட்டாள்.

"அவருக்கு இது ரெண்டாவது கல்யாணம். மொத சம்சாரம் இறந்துட்டாங்க. பொண்ணு இருக்கா, சின்னவ. லீவு நாள்னா அப்பாவும் பொண்ணும் கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்துக்குவாங்க. அந்தம்மா பாப்பாவுக்குத் தலை சீவி விடறது, கதை சொல்றது, என்னமோ சொல்லிட்டு விழுந்து விழுந்து சிரிக்கறது. எல்லாம் வீடியோவா இருக்கு. இவங்களும் சேந்து சிரிப்பாங்க. நான் உள்ள பாத்திரம் கழுவிக்கிட்டு இருப்பேன். எங்க வீட்டுல என் குரல விட அவங்க குரல்தான் ஜாஸ்தி கேக்கும்."

"உங்களையும் கூப்பிடுவாங்கல்ல?"

"கூப்பிடுவாங்க. அதுதான் இன்னும் கஷ்டமா இருக்கும். அந்தம்மா அவ்ளோ அழகா இருக்காங்க."

வீட்டில் இருந்த நாலைந்து கம்ப்யூட்டரும் பழசாகிப் படுத்துவிட்டதாம். பழைய டிஸ்க்கில் இருப்பதையெல்லாம் புதுசில் ஏற்றிவிடு, பழசை உடைக்கக் கொடுத்துவிடு என்று அவர் இவளை நம்பிச் சொல்லியிருக்கிறார். மற்ற எல்லாவற்றையும் இவள் ஏற்றிவிட்டாள். இதை மட்டும் ஏற்றவில்லை. இதிலிருந்து எடுக்க வரவில்லை என்று சொல்லிவிட்டாள். அவர் விடுகிற ஆள் இல்லை, பத்திரமாக வை, ரிப்பேர் பண்ணுகிறவரிடம் காட்டலாம் என்றிருக்கிறார்.

"பழசோட பழசா கலந்துபோயி உடைச்சிட்டாங்கன்னு சொல்லிக்கலாம்னு இருந்தேன். குடுக்க மனசு துணியாம நாளைத் தள்ளத்தான் ஒவ்வொண்ணா கொண்டுவந்தேன். ஒவ்வொரு வாரமும் இது பையிலதான் இருக்கும். குடுத்துடணும்னுதான் வருவேன். சார் நல்லா பேசுவார். அவர் பேசறத கேட்டுக்கிட்டே இருந்தா மனசு லேசாயிடும். குடுக்கத் தோணாது. அப்படியே திரும்ப எடுத்துட்டுப் போயிடுவேன்."

எனக்கு முதலில் என்ன தோன்றியது என்று சொல்கிறேன். அந்தக் குழந்தையைப் பற்றி இல்லை. செத்துப்போனவளைப் பற்றியும் இல்லை. 'அப்பாடா, என் புருஷனுக்காக வரவில்லை' என்றுதான் தோன்றியது. நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. அவளுக்கு ஒரு டீ போட்டுக் கொடுக்கலாம் என்றுகூட நினைத்தேன். அடுத்த நொடியே 'சார் நல்லா பேசுவார்' என்றது காதில் வந்து நின்றது. டீ வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

"இத மட்டும் உடைச்சுக் குடுத்துடுங்க" என்றாள். "அப்புறம் நான் இந்தப் பக்கமே வரமாட்டேன்."

பாருங்கள், நான் என்ன கேட்டுக்கொண்டிருந்தேனோ அதையே அவள் தட்டில் வைத்து நீட்டுகிறாள். அவள் கொடுத்தாள், நான் உடைத்தேன், அவ்வளவுதானே. சொந்தக்காரர் யார் என்று யார் வந்து என்னைக் கேட்கப் போகிறார்கள்? நம்பரைக் கம்ப்யூட்டரில் பதிந்துவிட்டு டிஸ்க்கை எடுத்து மெஷினுக்கு அடியில் வைத்தேன். லீவரில் கை வைத்தேன். வழக்கத்தை விடாமல் நம்பரையும் சொன்னேன். அவள் திரையைப் பார்த்துத் திருப்பிச் சொல்ல ஆரம்பித்தாள். "ஆறு, மூணு..." என்று நிறுத்தினாள். தண்ணீர் குடித்தாள். மறுபடி ஆரம்பித்து முழுசாகச் சொல்லிவிட்டாள். இரண்டு வாயும் ஒத்துப்போய்விட்டது.

நான் இழுக்கவில்லை. ஏன் என்று கேட்டால் எனக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. எனக்கு எரிச்சலைக் கொடுத்தவள் என் எதிரில் உட்கார்ந்திருக்கிறாள். திட்டலாம், முறைக்கலாம், டீயில் சர்க்கரை போடாமல் கொடுக்கலாம். இவளுக்கு எரிச்சலைக் கொடுத்தவளோ ஒன்றும் செய்ய முடியாதவள். தன் குழந்தைக்குத் தலை சீவிக்கொண்டு, சிரித்துக்கொண்டு, என் மெஷினுக்கு அடியில் படுத்திருக்கிறாள். என்னால் முடியவில்லை.

டிஸ்க்கை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். "எடுத்துக்கங்க. இத நான் உடைக்கமாட்டேன்."

அவள் முகம் சிவந்துவிட்டது. "சார் இருந்திருந்தா பண்ணிக் குடுத்திருப்பார்."

அதைக் கேட்டதும், பிடுங்கி நசுக்கிவிடலாமா என்று ஒரு கணம் கை துடித்தது உண்மை.

"பண்ணியிருப்பார்" என்றேன். "அவருக்கு ஒண்ணும் தெரியாது. நீங்க சிரிச்சா அவரும் சிரிப்பார், நீங்க குடுத்தா அவரும் உடைப்பார். இதெல்லாம் பாத்த ஒடனே தெரியணும்னா என்னை மாதிரி ஒருத்தி வேணும்."

"உங்கள மாதிரின்னா?"

"பொறாம புடிச்சவ."

"யார் மேல?"

"உங்க மேலதான். வேற யார் மேல? வாராவாரம் வந்து என் நாற்காலில உக்காந்து என் புருஷன்கூடச் சிரிச்சா எனக்கு எப்படி இருக்கும்?"

அவள் வாயைப் பிளந்தாள். "சார் மேலயா?" என்றாள். "நானா?" என்றாள். அப்புறம் அடக்க முடியாமல் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தாள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. அப்படி விழுந்து சிரிக்க அவரிடம் என்ன குறை கண்டாள்? தங்கச்சிதான் அப்படிச் சிரித்தாள் என்றால் இவளுமா?

சிரித்துக்கொண்டிருந்தவள் அப்படியே அழ ஆரம்பித்துவிட்டாள். துண்டை எடுத்துக் கொடுத்தேன், டிஸ்க்கைச் சுற்றி வந்த துண்டுதான். முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"புதுசுல ஏத்திடுங்க" என்றேன். "அரை மணி நேர வேலை."

"மனசு வரல."

"அப்ப வரும்போது ஏத்துங்க."

"அது வரைக்கும் இத வீட்டுல வெச்சிருக்க முடியாது என்னால. உடைச்சிடுவேன். சுத்தியலால அடிச்சாவது உடைச்சிடுவேன்." துண்டைக் கசக்கினாள். "இங்க வந்து பேசிக்கிட்டு இருந்தாதான் அந்த வாரம் கொஞ்சம் ஓடும். இப்ப கொண்டுவர வேற டிஸ்க்கும் இல்ல."

அவள் என்ன கேட்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. புரியாத மாதிரி மேஜையைத் துடைத்தேன், திரையைத் துடைத்தேன். துடைக்க வேறு ஒன்றும் இல்லை.

"சரி, வாங்க" என்றேன். "டிஸ்க் எதுக்கு? சும்மாவே வாங்க. மனசு வர்ற வரைக்கும் வாரா வாரம் வாங்க. சார் இருப்பார். அவர்கிட்ட பேசிக்கிட்டு இருந்துட்டு, இத பத்திரமா வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க."

"உங்களுக்கு..."

"எனக்கு எரியத்தான் செய்யும். அத நான் பாத்துக்கறேன்."

அவள் டிஸ்க்கைத் துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு போனாள். நான் காலையில் உடைத்த சில்லுகளைப் பெருக்கி வாளியில் அள்ளினேன். வேண்டியதைவிட ரொம்ப நேரம் பெருக்கினேன்.

சாயங்காலம் அவர் வந்தார். வண்டி நிறையக் கம்ப்யூட்டர், உடம்பெல்லாம் தூசி. தண்ணீர்கூடக் கேட்கவில்லை.

"அவங்க வந்தாங்களா?" என்றார்.

"வந்தாங்க."

"எல்லாம் முடிஞ்சுதா?"

"இல்ல. அடுத்த புதனும் வருவாங்க. அதுக்கடுத்த புதனும் வருவாங்க. நீங்க வெளில எங்கயும் போகாம இங்கயே இருங்க, அவங்ககூட நல்லா பேசுங்க."

அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அதை அப்படியே மெஷினுக்கு அடியில் வைத்து நசுக்கியிருப்பேன்.